அவளை நோக்கிச் சொன்ன சொல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சமூகம் தள்ளிவைத்த பெண்களிடத்தில் கிறிஸ்தவ வேதம் காட்டும் கருணையைப் பற்றி நான் பேசவேண்டுமென்று இவ்வறக்கட்டளையின் பொறுப்பாளர்கள் பணித்தபொழுது, பொருளின் உயர்வை நினைத்து மகிழ்ச்சியும், நூற்றாண்டுகளாகப் பிரசங்க மேடைகளில் பேசிப்பேசித் தேய்ந்த பொருளாயிற்றே என்று அச்சமும் என் உள்ளத்தில் ஒருங்கே தோன்றின. கருணை என்பது எளிதில் சொல்லிவிடக்கூடிய சொல். துன்புறுகிறவளைக் கண்டு பெருமூச்சு விடுவதும், அவள் கையில் ஒரு காசை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதும், அவளைத் திருத்துவதாகச் சொல்லி ஒரு மதிலுக்குள் அடைத்துவைப்பதும்கூட அந்தப் பெயராலேயே வழங்கிவந்திருக்கின்றன. ஆகையால், வேதம் எந்தச் செயலைக் கருணையென்று காட்டுகிறது என்பதை அதன் கதைகளுக்குள்ளேயே நின்று பார்ப்பதென்று தீர்மானித்துக்கொண்டேன். அப்படிப் பார்த்தபொழுது, பலமுறை படித்தும் என் கண்ணிற்படாத ஒரு சிறிய விஷயம் புலனாயிற்று. ஒதுக்கப்பட்ட பெண்ணைப் பற்றி ஊரார் எல்லாரும் பேசுகிறார்கள். அவளோடு பேசுகிறவர் ஒருவரும் இல்லை. வேதத்தில் கருணை வெளிப்படும் இடங்களிலெல்லாம் முதலில் நிகழ்வது, யாரோ ஒருவர் அவளை விளித்து, அவள் மறுமொழி சொல்லும்வரை நிற்பதுதான். இந்த ஒன்றையே இன்று உங்கள்முன் விரித்துச் சொல்ல முயல்கிறேன்.

யாவரும் அறிந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். யோவான் எழுதின சுவிசேஷத்தின் எட்டாம் அதிகாரத்தில், எருசலேம் தேவாலயத்தின் முற்றத்தில் அதிகாலையில் ஜனங்களுக்குப் போதித்துக்கொண்டிருந்த இயேசுவினிடத்தில், விபசாரத்தில் பிடிபட்டவளென்று ஒரு பெண்ணை வேதபாரகரும் பரிசேயரும் இழுத்துவந்து நடுவே நிறுத்துகிறார்கள். கையும் மெய்யுமாகப் பிடித்தோம் என்கிறார்கள். ஆனால் அவளோடு பிடிபட்டிருக்கவேண்டிய ஆடவன் அங்கே இல்லை. லேவியராகமமும் உபாகமமும் இத்தகைய குற்றத்திற்கு இருவருக்கும் ஒரே தண்டனையைத்தான் விதிக்கின்றன. நியாயப்பிரமாணத்தின் பெயரால் வந்தவர்கள், வரும் வழியிலேயே அதன் பாதியைத் தொலைத்துவிட்டு வந்தார்கள். அவர்கள் நாடியது அவளுடைய தண்டனையைக் காட்டிலும் இயேசுவை அகப்படுத்துவதையே என்று சுவிசேஷம் வெளிப்படையாகச் சொல்கிறது. கல்லெறியச் சொன்னால் ரோம ஆட்சியின் பகையும், வேண்டாமென்றால் மோசேயை மறுத்த பழியும் நேரும்படியாக விரிக்கப்பட்ட வலையில் அவள் வெறும் தூண்டில் இரை.

அவர் குனிந்து விரலால் தரையில் எழுதினார். என்ன எழுதினார் என்பதை நூல் சொல்லவில்லை. குற்றஞ்சாட்டினவர்களின் பாவங்களையே எழுதினார் என்று ஜெரோம் முதலான பழைய உரைகாரர்கள் ஊகித்தார்கள். எனக்கோ எழுதப்பட்டது எது என்பதைக் காட்டிலும், குனிதல் என்ற அச்செயலே பொருள் நிறைந்ததாகத் தோன்றுகிறது. விடியற்காலையில் படுக்கையிலிருந்து இழுத்துவரப்பட்டு, ஆடவர் கூட்டத்தின் நடுவே நிறுத்தப்பட்டு, நூறு கண்கள் தன்மீது மொய்க்க நின்ற ஒரு பெண்ணுக்கு அந்தக் கணத்தில் கிடைக்கக்கூடிய முதல் உதவி, அக்கண்கள் அவளைவிட்டு வேறெங்கேனும் போவதுதான். அவர் குனிந்ததும், அத்தனை கண்களும் தரைக்குப் போயின. பிறகு நிமிர்ந்து, உங்களில் பாவமில்லாதவன் முதற்கல்லை எறியட்டும் என்ற கருத்துப்படச் சொல்லிவிட்டு, மறுபடியும் குனிந்துகொள்கிறார். சாட்சி சொன்னவனே முதலில் கையோங்கவேண்டும் என்பது உபாகமத்தின் விதி. அந்த விதியையே எடுத்து, அதைக் கொண்டே அவர்களை அவர்களுடைய மனச்சாட்சியின்முன் நிறுத்தினார். முதியோர் தொடங்கி ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.

அதற்குப் பின்னரே நான் சொல்லவந்த நிகழ்ச்சி. அதுவரையில் அந்தப் பெண்ணிடம் எவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, அவளும் பேசவில்லை. பெயர், ஊர், வயது என எதையும் ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் போனபின் இயேசு நிமிர்ந்து, முதன்முறையாக அவளை விளித்து, உன்னைக் குற்றவாளியாகத் தீர்த்தவர் ஒருவருமில்லையா என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்கிறார். கேள்வி கேட்பது மறுமொழிக்கு இடம் வைப்பது. அவள் ஒருவருமில்லை என்கிறாள். அக்கதை முழுவதிலும் அவள் வாய்திறப்பது அந்த ஒரு முறைதான். தாமும் தீர்ப்பிடவில்லை என்றும், இனி அந்தப் பாவத்தில் விழாதிருக்கும்படியும் சொல்லி அவளை அனுப்புகிறார். பாவம் பாவமில்லையென்று அவர் சொல்லவில்லை. அதைப் பார்வையாளர் இல்லாத தனிமையில், நேருக்குநேர் சொன்னார்.

அவர் அவளை விளித்த சொல்லைச் சற்றுக் கவனிக்கவேண்டும். கிரேக்க மூலத்தில் 'குனாய்' என்பது அவ்விளி. பெண்ணே என்பது அதன் நேர்ப்பொருள். அம்மொழியில் அது மரியாதைக் குறைவற்ற விளி. 1871-இல் நிறைவுற்ற பவர் ஐயர் தலைமையிலான தமிழ் மொழிபெயர்ப்பு அதை 'ஸ்திரீயே' என்று பெயர்த்தது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியமோ 'அம்மா' என்று பெயர்த்தது. இரண்டு மொழிபெயர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோவான் சுவிசேஷத்தைப் புரட்டிப் பாருங்கள். கானாவூர்க் கலியாணத்தில் தம் தாயை அழைத்த சொல்லும், சிலுவையில் தொங்கியபோது அதே தாயை அழைத்த சொல்லும், சமாரியப் பெண்ணை அழைத்த சொல்லும், கல்லறையருகே அழுதுகொண்டு நின்ற மகதலேனா மரியாளை அழைத்த சொல்லும், கல்லெறிக்கென்று இழுத்துவரப்பட்ட இப்பெண்ணை அழைத்த சொல்லும் ஒன்றே. பெற்ற தாய்க்கு ஒரு விளி, விபசாரியென்று பழிக்கப்பட்டவளுக்கு வேறொரு விளி என்ற பாகுபாடு அங்கே இல்லை. 'அம்மா' என்ற தமிழ்ச் சொல் இதற்கு மிகப் பொருந்துமென்பது என் அபிப்பிராயம். பெற்றவளையும், மகளையும், வழியிற் காணும் முன்பின் அறியாதவளையும் ஒரே சொல்லால் மதித்தழைக்கும் வழக்கம் நம் மொழிக்கு உண்டல்லவா?

இந்தக் கதைக்கே நேர்ந்த கதியையும் சொல்லாமல் விடலாகாது. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மிகப் பழைய முழுச்சுவடிகளாகிய சீனாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் இப்பகுதி இல்லை. 5-ஆம் நூற்றாண்டினதென்று பலரும் கருதும் பேசா சுவடியில் இருக்கிறது. வேறு சில சுவடிகள் இதை யோவானிலிருந்து எடுத்து லூக்காவின் 21-ஆம் அதிகாரத்தின் முடிவில் வைத்திருக்கின்றன. நடையும் யோவானுடைய நடைபோல் இல்லையென்று அறிஞர்கள் சொல்லுகிறார்கள். இருக்க இடமின்றிச் சுவடிக்குச் சுவடி அலைந்த இக்கதையைப் பற்றி, ஹிப்போ நகர அத்தியட்சராகிய அகுஸ்தீன் வியக்கத்தக்க ஒரு காரணம் கூறினார்: தங்கள் மனைவியர் இதைக் கேட்டுத் துணிவு கொண்டுவிடுவார்களோ என்று அஞ்சிய விசுவாசக் குறைவுடைய சிலர் இதைத் தம் சுவடிகளிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்பது அது. சுவடி ஆராய்ச்சியாளர் பலர் அகுஸ்தீனுடைய காரணத்தை ஏற்பதில்லை. பழைமையான வாய்மொழி மரபொன்று பின்னர் நூலிற் சேர்ந்தது என்பதே அவர்கள் முடிவு. ஆயினும் அக்காலத்திலேயே அப்படியோர் அச்சம் ஆடவரிடையே நிலவியது என்பதற்கு அகுஸ்தீனுடைய சொல்லே சாட்சி.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். இத்தகைய கதைகளைச் சொல்லும்பொழுது யூத சமயத்தைக் கருணையற்றதென்றும், கிறிஸ்துவே முதன்முதலில் கருணையைக் கொண்டுவந்தாரென்றும் பேசிவிடுவது பிரசங்கிகளுக்குப் பழகிப்போன பிழை. அறுவடையில் சிந்தின கதிரைப் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் விட்டுவிடவேண்டுமென்று விதித்தது மோசேயின் நியாயப்பிரமாணமே. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூத நூலில், ஏழு ஆண்டுகளில் ஒருவருக்கு மரணதண்டனை விதிக்கும் நியாயசபையையும் நாசகாரச் சபையென்று சொல்லும் பகுதி உண்டு. ரபி தர்போனும் ரபி அக்கிபாவும், தாங்கள் அச்சபையில் இருந்திருந்தால் ஒருவருமே கொல்லப்பட்டிருக்கமாட்டார்கள் என்று கூறியதாகவும் அங்கே காண்கிறோம். இயேசுவும் யூதரே. அவர் செய்த வாக்குவாதம் ஒரு வீட்டாருக்குள் நடந்த வாக்குவாதம். அதை வெளியே நின்று கேட்ட நாம், ஒரு பக்கத்தாரை இழித்துப் பேச அதை ஆயுதமாக்கிக்கொள்வது நியாயமன்று.

விளித்துப் பேசுதல் என்ற இந்தச் செயலின் ஊற்று எபிரெய வேதத்திலேயே இருக்கிறது. ஆதியாகமத்தில் வரும் ஆகாரை நினைத்துப் பாருங்கள். எகிப்து தேசத்தாள், அடிமை, பிள்ளையில்லாத எஜமானிக்காக எஜமானனுடைய பிள்ளையைச் சுமக்கும்படி கொடுக்கப்பட்டவள், கருவுற்றபின் கொடுமைக்குள்ளாகி வனாந்தரத்திற்கு ஓடிப்போனவள். அவளைக் குறித்துச் சாராயும் ஆபிராமும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சில் அவளுடைய பெயர் ஒருமுறையும் வருவதில்லை. என் அடிமைப்பெண், உன் அடிமைப்பெண் என்பதே பேச்சு. சூருக்குப் போகும் வழியில் நீரூற்றண்டையில் அவளைக் கண்ட தேவதூதன்தான் அக்கதையில் அவளை முதன்முதலாகப் பெயர் சொல்லி அழைக்கிறான். எங்கிருந்து வந்தாய், எங்கே போகிறாய் என்றும் விசாரிக்கிறான். திரும்பிப்போய் எஜமானிக்கு அடங்கியிரு என்று அவன் சொல்லும் கட்டளை கடுமையானது. அதை நான் மெழுகி மறைக்க விரும்பவில்லை. படிக்கும்போதெல்லாம் நெஞ்சில் தைக்கிற பகுதி அது. ஆனால் அடுத்து நிகழ்வது வேதம் முழுவதிலும் அபூர்வமானது. தன்னோடு பேசிய தெய்வத்துக்கு அந்த அடிமைப்பெண் தானே ஒரு பெயரிடுகிறாள்: என்னைக் காண்கிற தேவன் என்று பொருள்படும் பெயர். கோத்திரத் தலைவர்களுக்கும் தீர்க்கதரிசிகளுக்கும் தெய்வம் தன் பெயரை அறிவித்ததுண்டு. ஓர் அடிமைப்பெண் தெய்வத்துக்குப் பெயர் சூட்டினாள் என்பது இங்கே மட்டும்தான். பின்னொரு நாள் அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும் கொடுத்து அவளையும் அவள் மகனையும் வீட்டைவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். தண்ணீர் தீர்ந்தபின், பிள்ளை சாவதைக் காணச் சகியாமல் அவனை ஒரு செடியின்கீழ் விட்டு, அம்பு பாயும் தூரத்தில் போய் உட்கார்ந்து அவள் அழுதபொழுதும், வானத்திலிருந்து வந்த குரல் அவளைப் பெயர் சொல்லியே அழைக்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு கதையையும் அதே வேதம் தன்னிடத்தில் வைத்திருக்கிறது; பிரசங்க மேடைகளில் அதை நாம் கேட்பது மிக அரிது. நியாயாதிபதிகள் ஆகமத்தின் 19-ஆம் அதிகாரத்தில், எப்பிராயீம் மலைநாட்டு லேவியன் ஒருவனுக்கு மறுமனையாட்டியாயிருந்த பெத்லகேம் பெண், அவனைவிட்டுத் தகப்பன் வீட்டுக்குப் போய்விடுகிறாள். நான்கு மாதங்களுக்குப்பின் அவன் அவளைத் திரும்ப அழைத்துவரப் புறப்படுகிறான். அவளுடைய இருதயத்தோடு பேசுவதற்காகப் புறப்பட்டான் என்று எபிரெய மூலம் அழகாகச் சொல்கிறது. அன்போடு தேற்றிப் பேசுவதற்கு அம்மொழியில் அது மரபுத்தொடர். ஆனால் அவன் அங்கே போனபின் மாமனாரோடு உண்டு குடித்து இருந்ததைத்தான் நாள் கணக்காக விவரிக்கிறதேயன்றி, அவளோடு ஒரு வார்த்தை பேசியதாக நூல் குறிக்கவில்லை. திரும்பும் வழியில் கிபியாவில் இரவு தங்கியபொழுது, வீட்டைச் சூழ்ந்த துஷ்டர்களிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அவளை வெளியே தள்ளுகிறான். விடியுமுன் அவள் வந்து வாசற்படியில் கைகளை வைத்தபடி விழுந்து கிடக்கிறாள். காலையில் கதவைத் திறந்தவன், எழுந்திரு, போகலாம் என்கிறான். அந்த அதிகாரம் முழுவதிலும் அவளை நோக்கிச் சொல்லப்பட்டதாகப் பதிவான சொல் அந்த ஒன்றே. அதற்கு அவள் மறுமொழி சொல்லவில்லை. அவளுக்குப் பெயரும் கொடுக்கப்படவில்லை. தம் ஜனத்தின் மிகப் பெரிய வெட்கத்தை இவ்வளவு விவரமாக எழுதி, தலைமுறை தலைமுறையாக வாசிக்கும்படி வைத்தவர்களின் நேர்மையை எண்ணி நான் தலைவணங்குகிறேன். இருதயத்தோடு பேசுதல் என்ற அதே தொடர், அந்நிய தேசத்தாளென்று சொல்லப்பட்ட மோவாபியப் பெண் ரூத்திடத்தில் போவாஸ் பேசிய பேச்சுக்கும், ஓசியா தீர்க்கதரிசியின் நூலில் வழிவிலகிய மனைவியாக உருவகிக்கப்பட்ட இஸ்ரவேலோடு தெய்வம் பேசப்போகும் பேச்சுக்கும் வருகிறது. அந்தத் தொடர் எங்கே நிறைவேறிற்று, எங்கே நிறைவேறாமற் போயிற்று என்று பார்த்துக்கொண்டே போனால், கருணையின் சரித்திரமே ஒருவாறு தெரிந்துவிடும்.

இனிச் சுவிசேஷங்களுக்கு மீள்கிறேன். லூக்காவின் ஏழாம் அதிகாரத்தில் பரிசேயனாகிய சீமோன் வீட்டு விருந்துக்கு, அந்த ஊரில் பாவியென்று பெயரெடுத்த ஒரு பெண் பரிமளதைலம் நிறைந்த வெள்ளைக்கல் பரணியோடு அழையாமல் வந்து, இயேசுவின் பாதங்களைத் தன் கண்ணீரால் நனைத்து, கூந்தலால் துடைத்து, முத்தமிட்டு, தைலம் பூசுகிறாள். அவளுடைய பாவம் இன்னதென்று லூக்கா சொல்லவில்லை. அவள் வேசியென்று எழுதிவிட்டவர்கள் உரைகாரர்கள். சீமோனும் வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை. இவர் தீர்க்கதரிசியாயிருந்தால் தம்மைத் தொடுகிறவள் எப்படிப்பட்டவள் என்று அறிந்திருப்பாரே என்று மனத்துக்குள்ளே எண்ணிக்கொண்டான். நாகரிகமான வீடுகளில் விலக்கம் பெரும்பாலும் இப்படித்தான் நடைபெறும். கல்லெறிவதுமில்லை, கூச்சலிடுவதுமில்லை, மனத்தில் ஓர் எண்ணம் ஓடும், அவ்வளவுதான். ஐந்நூறு வெள்ளிக்காசு கடன்பட்டவனும் ஐம்பது வெள்ளிக்காசு கடன்பட்டவனும் கடன் தள்ளப்பெற்ற சிறு கதையை இயேசு அவனுக்குச் சொல்கிறார். கூலியாளுக்கு ஒரு நாட் கூலி ஒரு வெள்ளிக்காசாயிருந்த காலம் அது. அதன்பின் லூக்கா குறித்துவைத்த உடலசைவு ஒன்று உண்டு: அவர் அந்தப் பெண்ணின் பக்கமாகத் திரும்பிக்கொண்டு சீமோனுக்குச் சொன்னார். பேச்சு சீமோனுக்கு, முகம் அவளுக்கு. நீ கால் கழுவத் தண்ணீர் தரவில்லை, முத்தம் தரவில்லை, தலைக்கு எண்ணெய் தரவில்லை, இவள் தந்தாள் என்று வீட்டுக்காரன் தவறவிட்ட உபசாரங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லும்பொழுது, அவர் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. இந்தப் பெண்ணைப் பார்க்கிறாயா என்று அவனைக் கேட்கவும் செய்தார். அதுவரை சீமோன் ஒரு பாவியைப் பார்த்தானேயன்றிப் பெண்ணைப் பார்க்கவில்லை. முடிவில் அவளோடேயே பேசி, சமாதானத்தோடே அனுப்பினார்.

மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்கினால் வருந்திய பெண்ணின் கதை இன்னும் நுட்பமானது. அவள் கைப்பொருளையெல்லாம் வைத்தியர்களிடம் கொடுத்துத் தீர்த்துவிட்டாள். லேவியராகம விதிப்படி அவளும் அவள் தொட்டதும் தீட்டு. கூட்டத்தில் மறைந்துவந்து பின்னாலிருந்து வஸ்திரத்தைத் தொட்டாள். அக்கணமே நோய் நீங்கிற்று. குணமாக்குவதொன்றே நோக்கமாயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஜெபாலயத் தலைவனாகிய யவீருவின் பன்னிரண்டு வயது மகள் மரணத் தறுவாயில் இருக்கிறாள். அவனோ பக்கத்தில் நின்று தவிக்கிறான். அந்த அவசரத்திலும் இயேசு நின்று, தொட்டவர் யாரென்று கேட்டு, அவள் நடுங்கிக்கொண்டு வந்து நடந்ததனைத்தையும் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறார். ஊரின் பெரிய மனிதர் ஒருவர் ஓர் ஏழைப்பெண்ணின் நீண்ட வரலாறு முடியும்வரை நிற்கவேண்டியதாயிற்று. பிறகு அவளை 'மகளே' என்று அழைக்கிறார். தனியொரு பெண்ணை இயேசு அப்படி அழைப்பதைச் சுவிசேஷங்களில் வேறெங்கும் காணோம்.

சமாரியப் பெண்ணைப் பற்றிச் சொல்லும்பொழுது என் பிள்ளைப்பருவ நினைவொன்று குறுக்கிடுகிறது. எங்கள் ஊர் ஆலயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்தவர், அவள் உச்சிவேளையில் தண்ணீர் மொள்ள வந்ததே வெட்கத்தினாலென்றும், ஐந்து புருஷரை உடையவளானதே அவளுடைய நடத்தைக்குச் சான்றென்றும் நெடுநேரம் விரித்துரைத்தார். கடைசி வரிசையில் பாய்மேல் உட்கார்ந்திருந்த, இருமுறை விதவையான ஒரு மூதாட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. யோவானின் நான்காம் அதிகாரத்தைப் பெரியவனானபின் நானே வாசித்தபொழுது, அவள் நண்பகலில் வந்த காரணத்தை அந்நூல் கூறவேயில்லை என்று கண்டேன். மனைவியைத் தள்ளிவிடும் உரிமை புருஷனிடத்தில் இருந்த காலம் அது. சாவினாலும் தள்ளுதலினாலும் ஐந்துமுறை துணையிழந்தவளாகவும் அவள் இருந்திருக்கலாம். அந்த நீண்ட சம்பாஷணையில் பாவம் என்ற சொல்லையோ மன்னிப்பு என்ற சொல்லையோ இயேசு எடுக்கவில்லை. அவளோ எதிர்க்கேள்வி கேட்கிறாள்: யூதனாகிய நீர் சமாரியப் பெண்ணிடத்தில் தண்ணீர் கேட்பதெப்படி என்கிறாள், மொள்ளப் பாத்திரமில்லையே, கிணறும் ஆழமாயிருக்கிறதே என்கிறாள், எங்கள் பிதாவாகிய யாக்கோபைப் பார்க்கிலும் நீர் பெரியவரோ என்கிறாள், கெரிசீம் மலையா எருசலேமா என்று இரண்டு ஜனங்களையும் பிரித்துவைத்த வழக்கையே எடுத்து முன்வைக்கிறாள். அவ்வளவுக்கும் அவர் பொறுமையாக விடை சொல்கிறார். தாமே மேசியா என்று யோவான் சுவிசேஷத்தில் அவர் முதன்முதலில் வெளிப்படையாகக் கூறுவது அவளிடத்தில்தான். திரும்பிவந்த சீஷர்கள் அவர் ஒரு பெண்ணோடு பேசுகிறாரென்று ஆச்சரியப்பட்டார்கள் என்றும், காரணம் கேட்க ஒருவரும் துணியவில்லை என்றும் நூல் சொல்கிறது. அவள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குள் ஓடினாள்; அவளுடைய சொல்லைக் கேட்டு ஊரார் வந்தார்கள்.

சீரோபேனிக்கியப் பெண்ணின் கதையில் இயேசுவே முதலில் கடுஞ்சொல் சொல்லி, அவளுடைய மறுமொழியினால் தம் தீர்மானத்தை மாற்றிக்கொண்டதாக மாற்கு எழுதுகிறார். அதற்குப் பற்பல வியாக்கியானங்கள் உண்டு. அவள் சொன்ன விடையின் பொருட்டே அவள் மகள் குணமானாள் என்ற வரலாறு மட்டும் நம் பொருளுக்குப் போதும்.

இவ்வாறு பேசவைக்கப்பட்ட பெண்களைப் பிற்காலம் எப்படி மௌனமாக்கிற்று என்பதற்கு மகதலேனா மரியாளே பெரும் உதாரணம். அவளிடமிருந்து ஏழு பிசாசுகள் நீங்கின என்றும், தன் ஆஸ்தியால் இயேசுவுக்கும் சீஷருக்கும் ஊழியம் செய்த பெண்களுள் ஒருத்தி என்றும் லூக்கா சொல்கிறார். வேசியென்று எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை. 591-இல் போப்பாண்டவர் முதலாம் கிரகோரி செய்த ஒரு பிரசங்கத்தில், சீமோன் வீட்டுக்கு வந்த பெயரற்ற பெண்ணும், பெத்தானியா ஊர் மரியாளும், மகதலேனாளும் ஒருத்தியே என்று கூறினார். அதன்பின் மேல்நாட்டுத் திருச்சபையில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குமேல் அவள் மனந்திரும்பிய வேசியாகவே சித்திரிக்கப்பட்டாள். 1969-இல் கத்தோலிக்கத் திருச்சபை தன் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபொழுதுதான் அந்தப் பிணைப்பு நீங்கிற்று. 2016-இல் அவளுடைய நினைவுநாள் அப்போஸ்தலர்களுக்குரிய திருநாளின் தரத்துக்கு உயர்த்தப்பட்டது. உயிர்த்தெழுந்தவரை அவள் தோட்டக்காரனென்று மயங்கி நின்றபொழுது, அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்த பிறகே அவரை அடையாளம் கண்டாள் என்று யோவான் எழுதியிருப்பதை, ஆகாரின் நீரூற்றோடு சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

அவள் பெயராலேயே நடந்த அநியாயம் ஒன்று உண்டு. 1758-இல் லண்டன் ஒயிட்சாப்பல் பகுதியில் வீழ்ந்த பெண்களுக்கென்று ஒரு மகதலேனா இல்லம் தொடங்கப்பட்டது. அவ்வகை இல்லங்கள் பல தேசங்களிலும் பரவின. அயர்லாந்தில் அவை சலவைச் சாலைகளாக 1996 வரையில் நடந்தன. 1922-க்குப் பின் மாத்திரம் பத்தாயிரம் பேர் அளவில் பெண்களும் சிறுமியரும் அங்கே அடைக்கப்பட்டுக் கூலியின்றி வேலை வாங்கப்பட்டார்கள் என்று அரசாங்க விசாரணை கண்டது. அவர்களில் பலர், மணமாகாமல் தாயானவர்கள்; சிலர் வறுமையைத் தவிர வேறு குற்றமே அறியாதவர்கள். உள்ளே போனதும் பலருடைய பெயரை மாற்றி வேறொரு பெயரிட்டார்கள். வேலை நேரத்தில் பேசவும் கூடாது. 1993-இல் டப்ளினில் அத்தகைய இல்லமொன்றின் நிலத்தை விற்பதற்காக அங்கிருந்த கல்லறைகளைத் தோண்டியபொழுது 155 உடல்கள் எடுக்கப்பட்டன. அவர்களுள் பலருக்கு மரணச் சான்றிதழும் இல்லை. 2013 பிப்ரவரி 19-இல் அந்நாட்டின் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இவையும் கருணையின் பெயரால் நிறுவப்பட்டவையே. பெயரைப் பறித்து, வாயையும் கட்டிவிட்டுச் செய்யும் தருமத்துக்கு வேதத்தில் நான் ஓர் ஆதாரமும் காணவில்லை. அதற்கு முன்மாதிரி வேண்டுமானால், வாசற்படியில் கிடந்தவளை எழுந்திரு என்று சொன்ன லேவியனிடத்தில்தான் தேடவேண்டும்.

முன்பு சொன்ன சமாரியப் பெண்ணின் கதை வேறொரு பெண்ணின் செவியில் விழுந்தபொழுது என்ன விளைந்தது என்பதைச் சொல்லி அமைகிறேன். பண்டித ரமாபாய் 1858-இல் மராத்திய பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். பெண்ணுக்குச் சமஸ்கிருதம் கற்பிக்கத் துணிந்த தந்தைக்கு மகளாகி, பஞ்சத்தில் பெற்றோரை இழந்து, தேசமெங்கும் நடந்தே திரிந்து, 1878-இல் கல்கத்தாப் பண்டிதர்கள் சரஸ்வதியென்று பட்டமளித்துப் போற்றும் புலமை பெற்றவர். 1882-இல் கணவனை இழந்து, கைக்குழந்தையோடு மறு ஆண்டு இங்கிலாந்து சென்றார். அங்கே வான்டேஜ் கன்னியர் சபையார் புல்ஹாமில் நடத்திவந்த இல்லத்தில், ஊர் தள்ளிவைத்த பெண்களிடம் அவர்கள் அன்போடு பழகுவதைக் கண்டு, இதற்குக் காரணம் என்னவென்று கேட்டார். ஒரு சகோதரி பதிலாக யோவான் நான்காம் அதிகாரத்தை எடுத்து, கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண்ணோடு பேசிய வரலாற்றைச் சொன்னார். தம் வாழ்க்கைப் போக்கை மாற்றியது அந்த நேரமென்று ரமாபாய் பின்னர் எழுதினார். 1883 செப்டம்பர் 29-இல் அவர் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் குருமார் சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொண்டவருமல்லர். சமாரியப் பெண்ணைப்போல எதிர்க்கேள்வி கேட்டுக்கொண்டேயிருந்தார். அக்கேள்விகளை அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன.

1889-இல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதனத்தைத் தொடங்கினார். பின்னர் பூனாவுக்குக் கிழக்கேயுள்ள கேட்காவில் முக்தி என்ற பெயரால் ஊர்போல ஒரு குடியிருப்பை அமைத்து, பஞ்சத்தில் கைவிடப்பட்ட பெண்களை நூற்றுக்கணக்கில் அங்கே சேர்த்தார். அதற்குள்ளேயே ஊரார் வீழ்ந்தவர்களென்று தள்ளிய பெண்களுக்கென்று கிருபா சதனம் ஏற்பட்டது. வந்தவர்களுக்கு எழுத்தறிவும் கைத்தொழிலும் கற்பிக்கப்பட்டன. அச்சுத்தொழில் அவற்றுள் ஒன்று. அவர் எபிரெயமும் கிரேக்கமும் கற்று, பண்டிதர் நடையை ஒதுக்கி, படிப்பறியாத பெண்ணுக்கும் விளங்கும் மராத்தியில் வேதம் முழுவதையும் தாமே மொழிபெயர்த்தார். 1922 ஏப்ரல் 5-இல் அவர் காலமானார். அந்த மொழிபெயர்ப்பு 1924-இல் முக்தியின் அச்சகத்திலேயே அச்சாகி வெளிவந்தது. ஆகாரின் கதையையும், கிபியாவின் வாசற்படியையும், யாக்கோபின் கிணற்றடிப் பேச்சையும் ஈய எழுத்துகளாக ஒவ்வொன்றாய்க் கோத்தவர்கள், அங்கே அடைக்கலம் பெற்று எழுதப்படிக்கக் கற்ற பெண்களே.